முப்பதாம் தேதியின் மூன்றாம் நாள்

சட்டசபைக்கு வெளியே ஜூலை மூன்றாம் தேதி, காலை பத்து மணி. உள்ளே ஜூன் முப்பதாம் தேதி, இரவு பன்னிரண்டு அடிக்க இன்னும் நான்கு நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவில் நின்றுகொண்டிருந்தவர் எல்மர் நூட்சன்.

எல்மர் சபைக் காவலர். கதவைத் திறப்பது, சாத்துவது, மாடத்தில் உட்கார்ந்து சத்தம் போடும் பார்வையாளர்களை வெளியே அனுப்புவது, சபாநாயகர் சொன்னால் கடிகாரத்தை நிறுத்துவது, இவைதான் அவர் வேலை. கடைசி வேலை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் தவறாமல் வரும். ஜூன் முப்பது முடிவதற்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் மாநிலத்தின் அரசு அலுவலகங்களுக்கெல்லாம் பூட்டு என்பது சட்டம். ஜூன் முப்பதுக்குள் பட்ஜெட்டை நிறைவேற்றுவதில்லை என்பது வழக்கம். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்க அந்த மாநிலத்துப் பெரிய மூளைகள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தன. நேரமாகிவிட்டால் நேரத்தை நிறுத்திவிடுவது.

சபாநாயகர் எழுந்து, "கடிகாரத்தை நிறுத்த யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யானைச் சின்னக் கட்சியும் கழுதைச் சின்னக் கட்சியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது. எல்மர் ஏணியைக் கொண்டுவந்து, சபாநாயகர் நாற்காலிக்கு மேலே சுவரில் இருக்கும் பெரிய கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, ஊசலாடும் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்துவார். அதோடு நாளும் நின்றுவிடும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் மாலை வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும். கேண்டீனில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டால் கணக்கில் இரவு உணவு என்றுதான் எழுதுவார்கள்.

இதில் எல்மர் மகா கறார். செய்தித்தாளோடு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிவிடுவார்.

"அதைக் குடுத்துட்டுப் போங்க சார். நாளைக்குப் பேப்பர் உள்ள வரக்கூடாது."

"நாளைக்குப் பேப்பரா? நாளான்னிக்குக்கு மறுநாள் பேப்பர் எல்மர் இது! நேத்து மேட்ச் என்னாச்சுன்னு பாத்துட்டுத் தர்றேன்."

"நேத்து மேட்ச்சா? அது இன்னும் நடக்கவே இல்லையே சார்" என்பார் எல்மர், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

இவ்வளவு கறாரான மனிதர்தான் இந்த வருஷம் தன் வலையில் தானே விழுந்தார். எல்மருக்கு ஜூன் முப்பதோடு ஓய்வு. இரவு பன்னிரண்டு அடித்ததும் பித்தளை வில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர். ஆனால் பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது தன் கையாலேயே கடிகாரத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஏணியிலிருந்து பாதி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. நேராகச் சபைச் செயலர் மிஸ் டால்பியிடம் போனார்.

"மேடம், நான் இப்ப ரிட்டயர் ஆயிட்டேனா இல்லையா?"

மிஸ் டால்பி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "இன்னிக்குத் தேதி என்ன எல்மர்?"

"முப்பது."

"யார் சொன்னா?"

"கடிகாரம்."

"அப்புறம் எங்கிட்ட என்ன கேள்வி? சபை ஊழியருக்குச் சபைக் கடிகாரம்தான். போய்க் கதவைப் பாருங்க."

சாதாரண மனிதனாக இருந்தால் இரண்டு நாள் கூட உழைத்தால் என்ன என்று விட்டிருப்பான். எல்மருக்கு அப்படி விட முடியாது. ஜூலை ஒன்று அவருடைய கல்யாண நாள். கல்யாணமான அடுத்த வருஷம் இந்த வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஒரு ஜூலை ஒன்றாம் தேதிகூட மனைவி வெர்னாவோடு உட்கார்ந்து ஒரு வாய் கேக் தின்றதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவர் முப்பதாம் தேதிக்குள் மாட்டிக்கொண்டு நிற்பார். வெர்னா தனியாக மெழுகுவத்தி ஏற்றி, தனியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

இந்த வருஷம் அவள் ஒரு பழைய வேன் வாங்கியிருந்தாள். பின்னால் படுக்கை, சின்ன அடுப்பு எல்லாம் உண்டு. பைக் ஏரி அரசுப் பூங்காவில், கரையை ஒட்டிய வில்லோ மரத்தடி முகாம் இடத்தை ஜூலை ஒன்றிலிருந்து ஒரு வாரத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அந்த இடத்துக்குப் பனி கொட்டும் ஜனவரியிலேயே அடிதடி. முதல் நாள் வந்து சேராதவர்களின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது பூங்காவின் விதி. வெர்னா போனில் அழுது, சிரித்து, மிரட்டி இரண்டு நாள் தவணை வாங்கியிருந்தாள். அவள் கணக்கில் அந்தத் தவணை இன்றோடு முடிகிறது.

காலையில்தான் நடைக்கூடத்து போனில் அவள் பேசியிருந்தாள்.

"வேன்ல சாமான் ஏத்தியாச்சு எல்மர். தூண்டில், போர்வை, உன் செருப்பு எல்லாம் இருக்கு. நீதான் இல்ல."

"இன்னிக்கு முடிஞ்சிரும் வெர்னா. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி."

"எதுக்கு அடிச்சுக்கறாங்க?"

எல்மர் குரலைத் தாழ்த்தினார். "கக்கூசுக்கு."

 "பதினோரு மணிக்கு நான் கிளம்பறேன். நீ இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. உன் செருப்பை உன் சபாநாயகரு வீட்டுக்கு அனுப்பி வைக்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள். வெர்னா கோபத்தில் கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. இப்படி நிதானமாகப் பேசினால்தான் பயம்.

கக்கூஸ் விஷயம் இதுதான். அந்த வருஷம் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்திருந்தது. கண்டபடி செலவு செய்ததால் விழுந்தது என்றது யானைக் கட்சி. பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்ததால் விழுந்தது என்றது கழுதைக் கட்சி. ஒரு மாதம் மேஜையை உடைத்தார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், சாலையில் கொஞ்சம், வரியில் கொஞ்சம் என்று சத்தமில்லாமல் பேசி முடித்துவிட்டார்கள். மிஞ்சியது நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களும் பஸ் பயணிகளும் இறங்குவதற்காகக் கட்டும் ஒரு கழிப்பறை. அதைக் கட்டுவதில் யாருக்கும் தகராறு இல்லை. பெயரில்தான் தகராறு.

கழுதைக் கட்சித் தலைவி திருமதி ஒபர்மன்தான் வம்பை இழுத்தார். "இதுக்கு உங்க பழைய ஆளுநர் ஸ்ட்ரவுட் பேரை வைங்களேன், பொருத்தமா இருக்கும்" என்று கேலி செய்தார். சபாநாயகர் பிராண்ட் யானைக் கட்சிக்காரர், கேலி என்றால் என்னவென்று தெரியாத மனிதர். எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லி, உடனே மசோதாவில் சேர்த்துவிட்டார். திருமதி ஒபர்மனின் கட்சிக்காரர்கள் அவர்மேலேயே பாய்ந்தார்கள். அவங்க ஆளுநருக்கு ஒண்ணு உண்டுன்னா நம்ம பழைய ஆளுநர் பிக்கன்ஸ் என்ன இளப்பமா என்று கேட்டார்கள். கேலி கௌரவமாகி, கௌரவம் மானப் பிரச்சினையாகிவிட்டது. பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஒரு கட்சி மட்டும் போட்டால் போதாது. மேலவை தன் வேலையை முடித்துவிட்டது, ஆளுநர் பக்கத்து அறையில் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மாநிலம் முழுக்க ஊழியர்கள் பூட்டும் சாவியுமாக நின்றார்கள். எல்லாம் இரண்டு செத்த மனிதர்களுக்காக. அவர்கள் உயிரோடு இருந்தால் இரண்டு பேருமே வேண்டாம் என்று ஓடியிருப்பார்கள்.

மணி பத்தேகால் இருக்கும், வெளிநேரப்படி. எல்மர் கதவில் நின்றபடி உள்ளே பார்த்தார். திருமதி ஒபர்மன் பேசிக்கொண்டிருந்தார்.

"பிக்கன்ஸ் ஏழைகளுக்காக வாழ்ந்தவர். ஏழைகள்தான் பஸ்ஸுல போறாங்க. பஸ்ஸுல போறவங்கதான் அங்க இறங்கறாங்க!"

"ஸ்ட்ரவுட்தான் அந்த ரோட்டையே போட்டாரும்மா! ரோடு இல்லாம எங்க இறங்குவாங்க?" என்றார் சபாநாயகர்.

"ஆட்சேபிக்கிறேன்!"

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்!"

மூன்று நாளாக இப்படித்தான். சபாநாயகர் தும்மினாலும் அந்த அம்மா ஆட்சேபிப்பார். எல்மர் சலித்துப்போய் மேலே பார்த்தார். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

தலையில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் போடும் தொப்பி. மடியில் காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் பன்றி இறைச்சியும். அதைக் கடித்துக்கொண்டே கீழே நடப்பதைக் கூத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்மரின் கண்கள் அவள் கண்களைச் சந்தித்ததும், வேன் சாவியை எடுத்து விரலில் மாட்டி ஆட்டினாள். பிறகு சாவியால் கடிகாரத்தைக் காட்டினாள். கடைசியாகத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு மறுபடி ரொட்டியைக் கடித்தாள்.

எல்மர் வாழ்க்கையில் ஒரு விதியையும் மீறாதவர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில், சபையின் விதிகளும் வெர்னாவின் முகமும் எதிரெதிரே நின்றபோது, எதற்குத் தான் அதிகம் பயப்படுகிறோம் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடிகாரம் ஓடாமல் அவருக்கு விடுதலை இல்லை. பட்ஜெட் இல்லாமல் ஓடிவிட்டாலோ பூங்காவுக்குப் பூட்டு, விடுதலை கிடைத்தும் போக இடமில்லை. ஓடவும் வேண்டும், ஓடி முடிவதற்குள் இவர்கள் கையைத் தூக்கவும் வேண்டும். அதற்கு ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது. 

ஏணியைக் கொண்டுவந்து சபாநாயகரின் நாற்காலிக்குப் பின்னால் சாத்தினார். கையில் ஒரு தூசு தட்டும் துணி.

"ஐயா, கடிகாரத்தைக் கொஞ்சம் துடைச்சிடட்டுமா?"

"ஸ்ட்ரவுட் இல்லேன்னா இந்த மாநிலமே இல்ல!" என்று கத்திக்கொண்டிருந்த சபாநாயகர், ஈயை விரட்டுவதுபோலக் கையை ஆட்டினார். எல்மர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏறினார். கண்ணாடியைத் திறந்தார். துடைக்கும்போது கை பட்டுவிட்டது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொய். சுண்டுவிரலால் நன்றாகவே தள்ளினார்.

பெண்டுலம் ஆடத் தொடங்கியது. எல்மர் இறங்கி, ஏணியை மடக்கித் தூக்கிக்கொண்டு போய் நடைக்கூடத்துச் சாமான் அறையில் வைத்து, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. பிக்கன்ஸ், ஸ்ட்ரவுட், பிக்கன்ஸ் என்று ஒரே இரைச்சல். பிறகு திருமதி ஒபர்மன் தண்ணீர் குடிக்க ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் டிக், டிக் என்ற சத்தம் சபை முழுக்கக் கேட்டது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மேலே திரும்பின. பன்னிரண்டுக்கு இரண்டரை நிமிடம்.

"எல்மர்!" சபாநாயகரின் குரல் கிறீச்சிட்டது. "யோவ், அது ஓடுதுய்யா! நிறுத்து!"

"ஆணையா ஐயா?" என்றார் எல்மர் கதவிலிருந்து. "ஆணைன்னா ஆட்சேபம் உண்டான்னு கேக்கணுமே. அதான வழக்கம்."

"சரி, சரி! கடிகாரத்தை நிறுத்த யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"ஆட்சேபிக்கிறேன்!" என்றார் திருமதி ஒபர்மன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மாவுக்கே தெரிந்தது. மூன்று நாள் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.  அவர் கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"வாபஸ் வாங்கும்மா!" என்றார் சபாநாயகர், கெஞ்சாத குறையாக.

அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பார். "நீங்க சொல்லி நான் வாங்கணுமா? ஓட விட்டதே உங்க சதிதான்!"

"என் சதியா? உங்க ஆட்சேபத்தாலதான் மாநிலமே மூடப்போகுது! நாளைக்குப் பேப்பர்ல வரட்டும், மூடினது யாருன்னு!"

"நீங்கதான்!"

"நீங்கதான்!"

ஒன்றரை நிமிடம். அப்போதும் ஒருவர் எழுந்து, ஆண்கள் பக்கத்துக்கு ஸ்ட்ரவுட் பெயரையும் பெண்கள் பக்கத்துக்கு பிக்கன்ஸ் பெயரையும் வைக்கலாமே என்றார். உடனே, எங்கள் தலைவர் ஏன் பெண்கள் பக்கம் போக வேண்டும் என்று இன்னொருவர் எழுந்தார்.  பூங்காவும் போச்சு, பெஞ்சாதியும் போச்சு, எல்லாம் தன் சுண்டுவிரலால் வந்தது என்று நினைத்தபோது எல்மருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வாயில் ரொட்டியோடு, ஆனால் சுவர் அதிர.

"அடப் பாவிங்களா! பேரே வைக்காதீங்கடா! அவசரமா ஓடறவன் நின்னு பேரா படிச்சுட்டுப் போவான்?"

 கடைசி வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். யானைக் கட்சியா கழுதைக் கட்சியா என்று தெரியவில்லை. சிரிப்பு இரண்டு பக்கமும் பரவியது.

மாடத்தில் யாராவது பேசினால் சபாநாயகர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதை அவர் தூக்கத்திலும் செய்வார். சுத்தியலால் மேஜையைத் தட்டினார். "காவலரே! அந்தப் பொம்பளையை வெளியேத்துங்க!"

"உடனே ஐயா!" என்றார் எல்மர். இத்தனை வருஷத்தில் ஓர் ஆணையை இவ்வளவு சந்தோஷமாக அவர் ஏற்றதில்லை. மாடப்படியில் இரண்டிரண்டாக ஏறி, வெர்னாவின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"மேடம், கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

"எவ்வளவு தூரம் வெளிய?" என்றாள் வெர்னா.

"பைக் ஏரி வரைக்கும்."

அவள் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் கையைப் பிடித்தாள். கீழே திருமதி ஒபர்மனின் குரல் கேட்டது. "பேர் வேணாம்! வெறும் கழிப்பறை!" அதன்மேல் சபாநாயகரின் குரல் விழுந்தது. "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க, சீக்கிரம், சீக்கிரம்!" நாற்காலிகள் புரள்கிற சத்தம். சுத்தியல் விழுந்தது. அது விழுந்து அடங்குவதற்குள் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. வெளியே வெயில் பளபளக்க, காலை பத்தரை மணிக்கு, நள்ளிரவு பன்னிரண்டு அடித்தது.

நடைக்கூடத்தில் மிஸ் டால்பி கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். "பாஸாயிடுச்சு எல்மர்! வில்லையைக் கழட்டி வச்சுட்டு ஓடுங்க, எவனாவது மறுபடி நிறுத்திடப் போறான்!"

எல்மர் வில்லையைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். அதன் பக்கத்தில் சாமான் அறைச் சாவியையும் வைத்தார்.

பைக் ஏரிப் பூங்காவின் வாசலில் ரேஞ்சர் லைல் நின்றிருந்தான். தோளில் இரும்புச் சங்கிலி. மூன்று நாளாக அதைக் கழற்றவில்லை, எப்போது பூட்டச் சொல்வார்கள் என்று காத்திருந்து தோள் சிவந்திருந்தது. தலைநகரிலிருந்து இப்போதுதான் போன் வந்ததாகவும், பூங்கா திறந்தே இருக்கும் என்றும் சொன்னான். பிறகு வெர்னாவின் பெயரைக் கேட்டதும் கழுத்தைச் சொறிந்தான்.

"வில்லோ மரத்தடியா? அது போயிருச்சுங்கம்மா. ஒண்ணாந் தேதி வரணும் நீங்க. நான் ஒண்ணாந் தேதியையும் சேத்து ரெண்டு நாள்தான் தவணை குடுத்தேன், ரெண்டு நாளும் ஆச்சு. இன்னிக்கு மூணு. அதோ, அந்தப் பச்சைக் காருக்காரங்களுக்குத் தர்றதாச் சொல்லிட்டேன்."

பச்சைக் காரில் ஒரு குடும்பம் ஆவலோடு எட்டிப் பார்த்தது.  விதி விதிதானே என்று எல்மர் வேனைத் திருப்பப் போனார். வெர்னா அதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"தம்பி, பட்ஜெட் எப்ப பாஸாச்சு?"

"இன்னிக்குக் காலையிலம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. முப்பதாந் தேதிக்கு அப்புறம் பாஸாயிருந்தா பூங்காவுக்குப் பூட்டு, இல்லையா? அப்ப மூணு நாளா இந்தக் கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நீ இங்க என்ன பண்ணினே? உன்மேல யாரு கேஸ் போடறது?"

லைல் சங்கிலியைப் பார்த்தான். "இல்லம்மா, பேப்பர்ல முப்பதாந் தேதி ராத்திரின்னுதான் போடுவாங்க. எல்லா வருஷமும் அப்படித்தான்."

"ஆங்! முப்பதாந் தேதி ராத்திரி அடிச்ச மணியை இதோ இந்தக் காதால கேட்டுட்டு நேரா வர்றேன். வழியில எங்கயும் தூங்கலை. அப்ப இன்னிக்குத் தேதி என்ன?"

 லைல் எல்மரைப் பார்த்தான். எல்மர் தன் வாழ்நாள் முழுக்க வாசலில் நின்று காப்பாற்றிய விதியை, அதைக் கேலி செய்தே வயதான மனைவியின் வாயில் கேட்டுக்கொண்டு திகைத்துப்போய் நின்றார்.

"ஒண்ணு..." என்றான் லைல், அழுகிற குரலில். பச்சைக் காருக்காரர்களுக்கு அடுத்த இடத்தைக் காட்டப் போனான்.

வில்லோ மரத்தடியில் வேனை நிறுத்தியதும் எல்மர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன?" என்றாள் வெர்னா.

"இன்னிக்கு ஒண்ணாந் தேதி வெர்னா."

"அதான் அவங்கிட்ட சொன்னேனே."

"அவனுக்கு இல்ல. நமக்கு." எல்மர் அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா, ஜூலை ஒண்ணு அன்னிக்கு உன்கூட இருக்கேன்."

வெர்னா அவரையே பார்த்தாள். கண் கலங்கியது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"சரி. எங்க என் பரிசு?"

 எல்மர் சட்டைப் பையைத் தடவினார். ஒன்றும் இல்லை. ஏரியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"வெர்னா, உன் கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் குடேன்" என்றார். "நான் கடைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்."